அப்பா தலையாட்டினார்

தெமெனுகா ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்து, தாளின் கடைசி மூலையை வெளிக்கதவில் வைத்து அழுத்தினாள். தாளில் அவளுடைய அப்பா நெத்கோ இருந்தார். அடையாள அட்டைக்காக எடுத்த படம். திருட்டு வழக்கில் பிடிபட்டவர் போல முழித்துக்கொண்டிருந்தார். தேடித் தேடிப் பார்த்தும் வேறு படம் அகப்படவில்லை. மனைவி இறந்தபிறகு கேமராவும் கையுமாகத் தோட்டத்திலேயே கிடந்த மனிதர், தன்னை ஒருமுறைகூட எடுத்துக்கொள்ளவில்லை. வேலிக் கம்பில் படர்ந்த பாசி, அதில் ஊர்ந்த நத்தை, பிளம் மரப்பட்டையில் விழுந்த வெடிப்பு, அந்த வெடிப்புக்குள் குடியிருந்த சிலந்தி. அவருடைய குடும்பப் படங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன.

கையில் இன்னும் சில தாள்கள் மிச்சம் இருந்தன. நெத்கோ இறந்துவிட்டார் என்பதை ஊர் இந்தத் தாளைப் பார்த்துத்தான் நம்பும்.

"அத்தை, பஸ் ஸ்டாப்புலயும் ஒண்ணு ஒட்டிரவா?"

பக்கத்து வீட்டு வேலிச்கா படியில் உட்கார்ந்து, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக வேகவைத்த கோதுமையில் சர்க்கரை கலந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். தெமெனுகா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னடி உள்ள வைக்கிற? ஒட்டுன்னுதானே சொன்னேன்?"

"வேண்டாம்னு தலையாட்டினீங்களே."

"வேண்டாம்னா அப்படியா ஆட்டுவாங்க?" வேலிச்கா மோவாயை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டினாள். "இதுதான் வேண்டாம். பக்கவாட்டுல ஆட்டினா சரின்னு அர்த்தம். நம்ம ஊர்ல தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாக்கை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டுத் தலையை ஜெர்மனியில வித்துட்டு வந்துட்டியா?"

தெமெனுகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

நேற்று மதியம் அப்பா தலையைப் பக்கவாட்டில்தான் ஆட்டினார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாள் இரவுதான் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். வாதம் அடித்ததில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். நேற்று மதியம் அவர் இடக்கை விரலைத் தூக்கி, ஜன்னலோரம் இருந்த கேமராவைக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"வெளியில போகணுமாப்பா?"

தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"சரிப்பா, வேண்டாம். வெளியில குளிருது."

மறுபடியும் ஆட்டினார். இன்னும் வேகமாக.

"வேண்டாம்னா விடுங்க. யாரும் உங்களைத் தூக்கிட்டுப் போகல." கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

கேமராவைக் காட்டினாரே என்று அவளே அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பூத்து நின்ற பிளம் மரத்தை முழுதாக எடுத்தாள். பின்னால் மலையும் வரும்படி எடுத்தாள். எல்லாம் நாள்காட்டியில் போடுகிற மாதிரி வந்திருந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு பாசித் துணுக்குக்காக ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடக்கும் மனிதர் அந்த முழு மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"தூங்குறீங்களா? நான் பக்கத்துல உக்காந்திருக்கட்டுமா?"

கண்ணைத் திறந்து, தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தாள். சூப்புடன் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" வேலிச்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அப்பா உங்ககிட்ட எப்படித் தலையாட்டுவாரு?"

"எல்லாரையும் மாதிரிதான். நம்ம மாதிரி."

"என்கிட்ட?"

வேலிச்கா அவள் முகத்தையே பார்த்தாள். தெமெனுகா நேற்று நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டதையும் சொன்னாள்.

"உன் ஜெர்மன் வீட்டுக்காரரு போன்ல மூஞ்சியைக் காட்டிப் பேசறப்ப, அவருக்குப் புரியணுமேன்னு உங்க ஊரு மாதிரி ஆட்டுவாரு நெத்கோ. என்னை எதிர்ல நிக்கவச்சுப் பழகுவாரு. பாதி நாள் அவருக்கே குழம்பிப்போயிடும். உன்கிட்டயும் உங்க ஊரு மாதிரிதான், வேண்டாம்னுதான் ஆட்டியிருப்பாரு பொண்ணே. மகளாச்சே."

"ரெண்டாந்தரம் வேகமா ஆட்டினாரே அத்தை. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே. அப்புறம் எதுக்கு வேகமா ஆட்டணும்?"

வேலிச்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அவரு விழுந்த அன்னைக்கு நான் பாத்தேன்" என்றாள். "வேலியோரமா வழக்கம்போலக் குப்புறக் கிடந்தாரு. 'இன்னைக்கு என்ன நெத்கோ, வண்டா புழுவா?'ன்னு கேட்டுட்டு ரொட்டி வாங்கப் போயிட்டேன். பதில் சொல்லல. படம் எடுக்கறப்ப என்னைக்குத்தான் பதில் சொல்லியிருக்காரு? கடையில நின்னு ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு மெதுவா வந்தேன். அப்பவும் அதே இடத்துல கிடந்தாரு. கேமரா அவருக்கு அடியில அமுங்கிக் கிடந்துச்சு. அப்பத்தான்டி எனக்கு உறைச்சுது."

தெமெனுகா அவளைத் திட்டியிருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. அப்பாவைச் சுற்றி அவரை நன்றாகத் தெரிந்த இரண்டே பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் அவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தவறவிட்டிருக்கிறார்கள். நத்தையின் கொம்பு நீளுவதை விட்டுவிடாமல் கவனித்த மனிதருக்கு இப்படி ஒரு சாவு. இதற்கு இனி யாரிடமும் போய் மன்னிப்புக்கூடக் கேட்க முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மதியம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்னறையில் திறந்து வைத்த பெட்டிக்குள் அப்பா கோட்டு போட்டுப் படுத்திருந்தார். பெண்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி உருகி வழிவதைப் பார்த்தபடி ஒருத்தி, "படுத்துக் கிடந்து கஷ்டப்படாமப் போயிட்டாரு, அதுவரைக்கும் நல்லது" என்றாள். எல்லோரும் சொல்வதுதான்.

மேல்தெருவிலிருந்து மின்சோ தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அப்பாவுடன் பள்ளியில் படித்தவர். இரண்டு காதும் கேட்காது. அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். நெத்கோவின் நெற்றியில் குனிந்து முத்தமிட்டுவிட்டுத் தெமெனுகாவின் முன்னால் வந்து நின்றார்.

"கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. வேலிச்கா கோதுமைக் கிண்ணத்துடன் வாசலிலேயே நின்றுவிட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் தெமெனுகா. சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அவள் தலை தானாகவே இடமும் வலமுமாக ஆடியது.

"இருந்தியா!" மின்சோ அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கிழவரின் கண்கள் கலங்கிவிட்டன. "நல்ல பொண்ணும்மா நீ. இத்தனை தூரத்துல இருந்து வந்து கூடவே இருந்திருக்கியே. நெத்கோ குடுத்து வச்சவன்."

"இல்ல தாத்தா" என்றாள். குரலே எழும்பவில்லை.

"குடுத்து வச்சவன்!" என்று அவர் மற்றவர்களைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னார்.

பெண்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, தன் நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டாள். தெமெனுகா போய் அதில் உட்கார்ந்தாள்.