எண்ணெய்ப் பிசுக்கு

கேன்டீன் பின்கட்டில் அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிசையாக உட்காரும் தையல் ஆலைப் பெண்கள் நாற்பது பேருக்கு ஒரு மாதமாக மதியம் கேரட்டும் கீரையும், மேலே வெள்ளை சாஸும். சத்து ஆராய்ச்சியாம். வாரம் ஒரு முறை இரத்தமும் எடுத்தார்கள். இடது வரிசைத் தட்டுகளுக்குச் சோப்பு போட்டு இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. வலது வரிசைத் தட்டுகள் வெறும் தண்ணீரிலேயே பளிச்சென்று ஆகிவிட்டன.

வலது வரிசையில்தான் அவள் தங்கை சாப்பிட்டாள். பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் மங்கும், ஊசியில் நூல் கோக்க வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலையில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள். இதைச் சாப்பிட்டால் கண் தெளியும் என்று நர்ஸ் சொன்னதை நம்பி, ஒரு இலை விடாமல் விழுங்கி வந்தாள்.

அக்கா ஈரக்கையோடு போய் ஆராய்ச்சி டாக்டரம்மா முன்னால் நின்றாள்.

“வலது வரிசை சாஸ்ல எண்ணெயே இல்லியே, ஏம்மா?”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? தட்டுல பிசுக்கே இல்ல.”

டாக்டரம்மாவால் மழுப்ப முடியவில்லை. “எண்ணெயைத் தண்ணியில பொடிப்பொடியா அடிச்சுக் கலந்து காய் மேல ஊத்தினா, காய்ல இருக்கிற சத்து அதுல கரைஞ்சு உடம்புல நல்லா சேரும். எவ்வளவு சேருதுன்னு பார்க்க, பாதிப் பேர் எண்ணெய் இல்லாம சாப்பிடணும். அவங்களுக்கு மாவுக் கரைசல்.”

“அப்ப என் தங்கச்சி முழுங்கினது?”

“முக்கால்வாசி வீணாப் போயிருக்கும். ஆராய்ச்சி முடிஞ்சதும் எல்லாருக்கும் எண்ணெய் சாஸ் தருவோம்.”

“அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை காத்துக்கிட்டிருக்குமா?”

அன்று இரவே அக்கா தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுநாள் தங்கை தட்டோடு எழுந்துபோய் இடது வரிசையில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே வலது வரிசையின் மீதிப் பத்தொன்பது பேரும் போனார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“எந்திரிங்க. ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்.”

“எங்க கண்ணு கெட்டா பரவாயில்லையா சார்?” என்றாள் தங்கை. “இரத்தம் மட்டும் எங்ககிட்டயும் அதே அளவுதானே உறிஞ்சினீங்க?”

அவர் சாஸ் வாளியை எடுத்துப்போய் அறையில் வைத்துப் பூட்டினார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கையால் மூன்றாவது வரிக்குக் கீழே படிக்க முடியவில்லை. திங்கட்கிழமை அவளைக் கழுவுத் தொட்டிக்கு, அக்கா பக்கத்திலேயே அனுப்பினார்கள். பத்து மணிக்கு நர்ஸ் அங்கேயே ஊசியோடு வந்தாள். ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு குழாய் இரத்தம் வேண்டுமாம்.

“கையைக் காட்டும்மா.”

தங்கை நுரையை உதறிவிட்டு ஒரு காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

“முதல்ல இதுல எண்ணெய் சாஸ் ஊத்துங்க.”

நர்ஸ் ஊசியைப் பிடித்தபடி நின்றாள். கிண்ணம் இறங்கவில்லை.