கறுத்தால் பதம்

ருக்குமணி ஒட்டுக்கடைக்குள் நுழைந்தபோது, மனிதனுக்கு ஏன் இரண்டு சிறுநீரகங்கள் என்பதை ஆண்டியப்பன் விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்று வெயில் காலத்துக்கு, மற்றது மழைக் காலத்துக்கு. கேமரன் மலையில் வெயில் காலம் என்று ஒன்று கிடையாது. ஆகவே இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு சிறுநீரகம் கடைசிவரை உறை பிரிக்காமல் புத்தம் புதிதாகவே இருக்கும். கோலாலம்பூர்க்காரன் பாவம், இரண்டையும் தேய்த்துவிடுகிறான். தைப்பூசத்துக்கு இறங்கிப் போகிறவர்கள் பூ, காய்கறி என்று தூக்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக அந்த ஒன்றை எடுத்துப் போய் உறவுக்காரர்களுக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது. சம்பளத்தில் பிடிக்கிற பணத்தைப் பற்றித் தோட்டத்துக் கணக்குக் கிராணி பேசுகிற மாதிரியே பேசுவார். கேட்கிறவர்கள்தான் தேநீரை மூக்கு வழியாக விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ருக்குமணி சிரிக்கவில்லை. மழையில் நனைந்த துண்டைத் தலையிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவரு நீங்க சொன்னாத்தான் கேப்பேங்கிறாரு."

அவள் கணவன் வீரப்பனை நேற்றுக் காலையில்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காய்ச்சல் இல்லையாம், கால். வலது கால் பெருவிரல் செத்துப்போய், அந்த விஷம் பாதத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறதாம். ஈப்போவுக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். நாளைக்குள் எடுத்தால் ஆள் பிழைப்பார், தவறினால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் தயார். வீரப்பன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் மாட்டேங்கிறான்?" என்றார் ஆண்டியப்பன்.

"கறுத்தா கெடாதுன்னு அண்ணன் பார்த்துச் சொல்லிருக்காரு, டாக்டருக்கு என்ன தெரியும்ங்கிறாரு."

கடைக்காரன் புனிதன் அடுப்பை அணைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான்.

ஆண்டியப்பன் முப்பத்தெட்டு வருஷம் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவர். அரைத்த இலையைப் பரப்பிவைத்துப் பதம் பார்க்கிற அறை அவருடையது. பச்சையாக வரும் இலை அங்கே கிடந்து மெல்லச் செம்பு நிறத்துக்குத் திரும்பும். திரும்பிய அந்த நேரத்தில் எடுத்து வறுக்க அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் புல் நாற்றம், அசந்துபோனால் புளித்த நாற்றம். அறையில் கடிகாரம் உண்டு, வெப்பமானி உண்டு. ஆனாலும் துரைமார் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தும், எல்லோரும் நம்பியது ஆண்டியப்பனின் மூக்கைத்தான். ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். "போலாம்" என்பார். போகும்.

ஓய்வு பெற்ற பிறகு மூக்குக்கு வேலை இல்லாமல் போனது. வாய்க்குக் கூடிப்போனது. மனித உடம்பும் தேயிலை ஆலையும் ஒன்றே என்பது அவர் கண்டுபிடிப்பு. வாய், கொழுந்து நிறுக்கிற கொட்டகை. பல், அரைக்கிற இயந்திரம். ஈரல்தான் பதம் பார்க்கிற அறை. ஈர இலை எப்படிப் பதத்துக்கு வரும்? சம்சு சாராயம் குடிக்கிறவனுக்கு முதலில் அங்கேதான் கெடுகிறது, காரணம் அதுதான் என்பார்.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. கலக்காத தேநீரில் சர்க்கரை அடியில் போய்த் தங்கும் அல்லவா, அது மாதிரி இரத்தத்துச் சர்க்கரை காலில் போய்த் தங்குகிறது. தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் ஐயா கைவிரலில் குத்திப் பார்த்தால் என்ன தெரியும்? மேல்தண்ணீர் அது. மருந்து, ஆளைக் கலக்குவதுதான். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்குப் பஸ்ஸில் ஒருதரம் மலை இறங்கி ஏறினால் போதும். அத்தனை வளைவிலும் ஆடிக் குலுங்கிச் சர்க்கரை முழுக்கக் கரைந்துவிடும். அந்த வழித்தடத்துப் பஸ்ஸில் வேலை பார்க்கிற எவனுக்காவது இனிப்பு நீர் உண்டா என்று கேட்பார். இரண்டு பேருக்கு உண்டு. அவர்கள் ஓட்டுநர்கள், முன்னால் உட்கார்ந்திருப்பதால் ஆட்டம் குறைவு என்பார்.

யாரும் இதை நம்பவில்லை. வீரப்பனும் நம்பவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கடையில் முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய் எழுந்து போகிறவர் அவர்தான். மாதம் ஒருமுறை தாப்பாவில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு வந்து, "கலக்கிட்டு வந்துட்டேன்ணே" என்று கையை நீட்டுவார். கடை சிரிக்கும். கத்தி என்றால் வீரப்பனுக்கு ஆகாது. முடி வெட்டுகிறவன் கையில் இருப்பதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது, அதுவும் சிரிப்போடு.

கார் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் தேயிலைச் சரிவுகள் மழையில் மங்கிக் கிடந்தன. பின்சீட்டிலிருந்து ருக்குமணி சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் டாக்டரம்மாவிடம் மலாயில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாராம். பச்சையாக இருப்பதுதான் அழுகும், கறுத்துக் காய்ந்தது அழுகாது, சர்க்கரையைக் கரைக்கப் பஸ் போதும், எல்லாவற்றையும். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, இது உங்கள் மதத்தில் உள்ளதா என்று மரியாதையாகக் கேட்டாராம்.

வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆண்டியப்பன் மூன்று மாதம் கடை நடத்தியிருப்பார். இப்போது ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். பனி வெளியே இருந்தது, துடைத்ததில் ஒன்றும் தெரியவில்லை.

அவர் நினைவு அந்த நாளில் நின்றது. ஆறு வாரம் இருக்கும். வீரப்பன் ரப்பர் சப்பாத்தைக் கழற்றிக் காலை பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார். சப்பாத்து உரசிப் புண்ணான பெருவிரல், ஓரம் சிவந்து, நுனி கறுத்திருந்தது. "வலி இல்லண்ணே, அதான் யோசனையா இருக்கு" என்றார். கடையில் எல்லோரும் ஆண்டியப்பன் வாயைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கொழுந்தை முகர்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"கறுத்தால் பதம். பச்சை இலைதான் ஒரு ராத்திரியில கெடும். கறுத்துக் காய்ஞ்சது பெட்டியில பத்து வருஷம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. உன் விரல் முதல் தரம்டா, ஏலத்துக்கு அனுப்பலாம்."

அன்றைக்கு எழுந்த சிரிப்பு மாதிரி அந்தக் கடையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வார்டில் வீரப்பன் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கண் மஞ்சளித்து, உதடு வெடித்திருந்தது. ஆனாலும் ஆண்டியப்பனைக் கண்டதும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்தார். பக்கத்துக் கட்டிலில் கோலா தெர்லாவில் தோட்டம் போடுகிற ஒரு பெரியவர் படுத்திருந்தார். "நான் சொன்னேனே, அந்த அண்ணன் இவருதான்" என்று அவருக்கு அறிமுகம் நடந்தது. பெரியவர் முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டார்.

ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். நேராகச் சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார்.

"வீரா, நான் சொன்னதெல்லாம் பொய். டாக்டர் சொல்றதைக் கேளு. கையெழுத்துப் போடு."

வீரப்பன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்த்தீங்களா, முகத்தைப் பாருங்க" என்று பக்கத்துக் கட்டிலுக்குக் காட்டினார். அந்தப் பெரியவரும் சிரித்தார்.

ஆண்டியப்பன் மறுபடியும் சொன்னார். அம்மா மேல் ஆணை என்றார், முருகன் மேல் ஆணை என்றார். ஒவ்வொரு ஆணைக்கும் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. எழுபத்தொரு வருஷமாகப் பழக்கி வைத்த முகம், நிஜத்தைச் சொல்லும்போதும் அதே முகமாகத்தான் இருந்தது. வேறு முகம் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. கால்மாட்டில் நின்ற ருக்குமணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

போர்வைக்குள்ளிருந்து வாடை வந்தது. மருந்து வாடையையும் மீறி வந்தது. ஆண்டியப்பன் கண்ணை மூடினார். பழக்கம்.

"வீரா, தொண்ணூத்தாறுல ஒரு தடவை நான் பதத்தைத் தவறவிட்டேன், தெரியுமா?"

"நீங்களா? அளக்காதீங்கண்ணே."

"முந்நூறு கிலோ. நாற்காலியிலேயே தூங்கிட்டேன். எழுந்து பார்த்தப்ப கறுத்துப்போச்சு. வறுக்காமலே கறுத்துப்போச்சு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அள்ளி முகர்ந்தேன். இனிச்ச வாடை, அழுகின பழம் மாதிரி. துரைக்குத் தெரியாம நானே வாரிக்கிட்டுப்போய்ப் பின்பக்கம் ஆத்துல தள்ளினேன். அந்த வாடையை அதுக்கப்புறம் நான் மறக்கல."

வீரப்பன் சிரிக்கத் தயாராக உதட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார், முடிவு எங்கே வருகிறது என்று.

"அன்னைக்கு உன் விரல்ல அதே வாடைதான் வந்துச்சு."

பக்கத்துக் கட்டில் பெரியவர் மெல்லப் படுத்துக்கொண்டார்.

"முகர்ந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லணும்னுதான் நிமிர்ந்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த முதல் தரம் பேச்சு வாயில வந்து நின்னுச்சு. விட்டுட்டேன்."

வீரப்பனின் உதடு அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் அதிலிருந்து போய்விட்டது. போர்வையை இழுத்துக் காலை நன்றாக மூடினார்.

"கடையில அன்னைக்கு எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஆறு பேரு."

"சிரிச்சாங்கல்ல?"

"சிரிச்சாங்க."

"நானும்தான் சிரிச்சேன்" என்றார் வீரப்பன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆண்டியப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நாலு நாள் கழிச்சு அந்த வாடை எனக்கே வந்துச்சுண்ணே. உங்க மூக்கை விடவா என் மூக்குன்னு விட்டுட்டேன்."

பிறகு ருக்குமணியைக் கூப்பிட்டு கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை வாங்கி வரச் சொன்னார். மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடுகிற நர்ஸ் தாளோடு வந்தாள். வீரப்பன் எங்கே போட வேண்டும் என்று கேட்டு, பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ஈப்போவுக்கு வராதீங்க. வந்தா எனக்குச் சிரிப்பு வரும். அங்க வேணாம்லா."

அரை மணியில் சக்கரக் கட்டில் வந்தது. ருக்குமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். ஆண்டியப்பனைத் தாண்டும்போது நின்று, "வந்ததுக்கு நன்றிண்ணே" என்றாள். அவள் அவரிடம் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியாட்களுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

புனிதன் காரைக் கொண்டுவரப் போயிருந்தான். ஆண்டியப்பன் தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கவனித்த மிஸ்ஸி, முகம் வெளுத்திருக்கிறதே என்று நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தமிழ்ப் பெண்தான். இது ரொம்ப அதிகமாக இருக்கிறதே என்றாள். எத்தனை நாளாக இப்படி, தலை சுற்றுகிறதா, மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள்.

"எதனால தாத்தா இப்படி ஏறியிருக்கு? ஏதாவது தெரியுமா?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். வாசல் பக்கம் ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி, மழைக்குள் இறங்குகிற சத்தமும் கேட்டது.

"தெரியலம்மா" என்றார்.

டாக்டர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் போனாள். புனிதன் வந்து வாசலில் நின்று போகலாமா என்பது போலப் பார்த்தான். ஆண்டியப்பன் எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்து விட்டபடி, டாக்டர் வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.