மூன்று தெர்மாமீட்டர்கள்

அண்ணன் சமையலறை மேசையில் மூன்று தெர்மாமீட்டர்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் புதுப் பேட்டரி போட்டான். வாஷிங் மெஷின் ரிப்பேர்தான் அவன் தொழில். ஆனால் வீட்டில் எது நின்றுபோனாலும் தங்கை அதை அவன் தலையில் கட்டிவிடுவாள். இந்த மூன்றும் இரண்டு வருடத்துக்குள் அவள் வாங்கியவை. முதலாவது, கச்சேரி டூர் போன வேனில் காய்ச்சலோடு பின்சீட்டில் சுருண்டு கிடந்தபோது வாங்கியது. நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தாள். எண் வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த ஊரில் இன்னொன்று. வீடு திரும்பிய பிறகு மூன்றாவது. எல்லாம் ஊமை. இப்போதெல்லாம் எவன் எதை ஒழுங்காகச் செய்கிறான் என்று திட்டிவிட்டு இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

அண்ணன் ஒன்றை அக்குளில் செருகிக்கொண்டு செய்தித்தாளைப் புரட்டினான். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவன் அதை உருவினான்.

"நல்லாத்தானே இருக்கு."

"சத்தம் வருதான்னு பாருண்ணே."

"இப்ப வந்துச்சே."

துணியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவன் இரண்டாவதைச் செருகினான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவன் புருவம் லேசாக அசைந்தது. அவளுக்குக் கிடைத்த சத்தம் அவ்வளவுதான். சட்டென்று அதை அவனிடமிருந்து பிடுங்கி வலது காதோடு ஒட்டி வைத்தாள். எங்கோ தூரத்தில் ஒரு பூச்சி கத்துவதுபோல் இருந்தது. இடது காதுக்கு மாற்றினாள். அதுவும் இல்லை.

"இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது பாப்பா."

நாற்பத்தொரு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அவன் மூன்றாவதைத் தொடவில்லை. மூன்றையும் உறையில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான்.

வயலினை இடது தாடைக்கடியில் வைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. மரத்துக்கும் காதுக்கும் நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. அதில் ஒன்பது வருடம், கையை நீட்டினால் சுவர் இடிக்கும் சின்னச் சின்ன அரங்குகளில், முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ். வாசிக்கிறவர்களுக்குள் இந்தப் பேச்சு எப்போதும் தாழ்ந்த குரலில்தான் நடக்கும். இன்னாருக்குக் காது போய்விட்டதாம் என்பார்கள். பிறகு இன்னாரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளே ஒரு டிரம்பெட்காரரை அப்படி விட்டிருக்கிறாள். வேனில் இடமில்லை என்று போனில் சொன்னாள். வேனில் இரண்டு சீட் காலியாக இருந்தது.

மாடியில் தட்டுமுட்டுச் சாமான் வைத்திருந்த அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். புது ஆல்பத்தின் எட்டுப் பாட்டுகளையும் அங்கேதான் எழுதி, வாசித்து, பதிவு செய்து, மிக்ஸிங்கும் அவளே செய்துகொண்டிருந்தாள். வேறொருத்தர் கை படக் கூடாது என்பதில் பிடிவாதம். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். மூன்று மாதமாக ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கொஞ்சம் மங்கலாக இருப்பதாகப் பட்டது. கீச்சு ஒலிகளைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிளை ஒரு மயிரிழை ஏற்றினாள். மறுநாளும் மங்கல். இன்னொரு மயிரிழை. அவள் ஸ்பீக்கரைப் போட்டதும் வீட்டு நாய் எழுந்து படியிறங்கிப் போய் அண்ணனின் வேனுக்கடியில் படுத்துக்கொள்ளும். நாய்க்கு வயதாகிவிட்டது, எரிச்சல் வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு பேக்கரிக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்குமேல் வயலின் கற்க வந்தவர். நகக்கண்ணில் எப்போதும் மாவு. ஒரு வருடமாக அவள் அவரிடம் கீச்சென்று ஒலிக்க வேண்டிய முதல் தந்தி சரியாகப் பேசவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். மனிதர் மூன்று முறை தந்தியை மாற்றிவிட்டார். அன்று அவர் வில்லை வைத்ததும் தோள் இறுகுவதை முதன்முறையாகப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்க, வில்லை விறகு அறுக்கிற மாதிரி அழுத்தினார். அவள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்.

"அழுத்தாதீங்க. கை எடை போதும்."

"அழுத்தச் சொன்னீங்களே டீச்சர்."

"தப்பா சொல்லிட்டேன்."

"போன வாரமா?"

"ஒரு வருஷமா."

அவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நகத்திலிருந்த மாவைச் சுரண்டினார். வீட்டில் வாசித்தால் காது கிழிகிறதென்று மனைவி அவரை மாவு மூட்டை அறைக்குத் துரத்திவிட்ட கதையை அவள் பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

"அப்ப எம் பொண்டாட்டி சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார். "அதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். காது என்று மட்டும் சொன்னாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், அதே பாடத்தை மெதுவாக வாசித்தார். சுருதி கேட்டது. அதன் முனை கேட்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது, அவர் தோள் தளர்ந்திருந்ததை வைத்து ஆமாம் என்றாள்.

அவர் போனதும் அண்ணன் வந்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டானாம். சரியாகிவிடுமா என்று கேட்டான். போனது போனதுதான், மிச்சத்தை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்றாள். திங்கட்கிழமை டூர் கிளம்புகிறது, பதினோரு ஊர், டிரம்ஸோடு. போகப்போகிறாளா என்று அவன் கேட்டான்.

"மேல வா," என்றாள். "கொஞ்ச நேரம் உக்காரு."

"எனக்கென்ன தெரியும் பாப்பா? மோட்டார் சத்தம் கேட்டா பேரிங் போச்சான்னு சொல்லுவேன். சங்கீதமெல்லாம் ஆகாது."

"சங்கீதம் தெரிய வேண்டாம். மூஞ்சியைச் சுளிக்கத் தெரியுமில்ல?"

மாடியில் அவனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த நாற்காலியில் இதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், பல் டாக்டரிடம் வந்தவன்போல அவன் விறைத்திருந்தான். அவள் பக்கவாட்டில் முக்காலியில் உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டாள். வயலின் மேலே ஏறியதும் அவன் கண்கள் இடுங்கின. மரியாதைக்காக உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

"நடிக்காதண்ணே."

மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதே இடத்தில் அவன் முகம் கோணியது. இந்த முறை மறைக்கவில்லை. அவள் திரையைப் பார்க்காமல், அவன் முகத்தை மட்டும் பார்த்தபடி குமிழைத் திருப்பினாள். மூன்று மாதம் ஏற்றியதை ஒவ்வொரு மயிரிழையாக இறக்கினாள். அவள் காதில் பாட்டு மெத்தைக்குள் போய்க்கொண்டிருந்தது. வில்லின் உரசல் போனது, அவள் மூச்சுவிட்ட இடம் போனது. அண்ணனின் தாடை இளகியது. அவள் இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

படியில் நகங்கள் உரசுவது அவன் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. நாய் வாசலில் வந்து நின்றது. முன்னங்கால் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தது. பின்னங்கால் வெளியிலேயே இருந்தது.

குமிழிலிருந்து கையை எடுக்காமல் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.