தங்கையின் பல்வரிசை

டாக்டர் என் கையில் கொடுத்த கண்ணாடிக்குள் என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்து எட்டிப் பார்க்கிறாளோ என்று திரும்பினேன். அவள் சுவரோரமாக என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் கைப்பை. கண்ணாடியில் இருந்தது நான்தான். பற்கள் மட்டும் அவளுடையவை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கட்டியோடு சேர்த்து என் மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். இடது காலிலிருந்து எலும்புத் துண்டொன்றை வெட்டி, அந்த இடத்தில் வைத்துப் புதுத்தாடை செய்தார்கள். "இனிமே நீ கொட்டாவி விட்டா, கால் நீட்டின மாதிரி" என்று அன்றைக்கே கிண்டல் செய்தவள் தங்கை. எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு அதில் நான்கு உலோகத் திருகுகளை இறக்கினார்கள். அவற்றின்மேல் நிற்கப்போகும் பல்வரிசையை மெழுகில் அடுக்கிப் பொருத்திப் பார்க்கிற நாள் இது. மெழுகாக இருக்கும்வரை எந்தப் பல்லையும் நகர்த்தலாம். நான் சரி என்று சொல்லிவிட்டால் கெட்டியாக வார்த்துவிடுவார்கள். அப்புறம் அதுதான் என் வாய். டாக்டர் இதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

பல் செய்கிறவர் பக்கத்து அறையிலிருந்து மெழுகுக் கத்தியோடு வந்தார். மாதிரிக்கென்று எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய போட்டோவில் இருந்தபடியே அச்சாக அடுக்கியிருப்பதாகப் பெருமையோடு சொல்லி, கைபேசியைக் காட்டினார். எங்கள் கல்யாணத்தில் எடுத்த படம். வாய்கொள்ளாமல் சிரிப்பவள் என் தங்கை.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தோம்.

அவர் சாவி வெட்டுகிறவர். மூலச்சாவி தொலைந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், அதே வகையில் இன்னொரு சாவியை எடுத்து அரம் போட்டு ஒப்பேற்றிக் கொடுத்துவிடுவார். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறார். ஆல்பம் முழுக்கத் தேடியும் என் பல் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். ஒரே வீட்டுப் பல்தானே என்று அனுப்பிவிட்டாராம்.

"நல்லவேளை மாமா, என்னோட நிறுத்திக்கிட்டீங்க" என்றாள் தங்கை. "பக்கத்துக் கடைக்காரர் பல்லு நல்லா இருந்துதுன்னு அதை அனுப்பாம விட்டீங்களே."

படம் கிடைக்காததற்குக் காரணம் நான்தான். எனக்கு இடதுபக்கம் ஒரு தெத்துப்பல். சின்ன வயதில் தங்கை எனக்கு 'ஆணி' என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்பாள். யாராவது கேமராவைத் தூக்கினால் என் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

டாக்டர் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். கோணல் இல்லாத, வெளிச்சமான சிரிப்பு. பன்னிரண்டு வயதில் நான் ஏங்கியது இதே வரிசைக்குத்தான். தலையை ஆட்டினால் போதும், என்னுடையதாகிவிடும். ஆட்ட முடியவில்லை. இரவல் உடையில் ஒரு கூட்டத்துக்குப் போய் நிற்கிற மாதிரி இருந்தது. உடை அழகாகத்தான் இருக்கிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய்க் கழற்றினால் போதும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. தாடை போனபோது அழுதேன், கன்னம் ஒட்டிப்போனதற்கு அழுதேன். அந்த ஒற்றைப் பல்லுக்காக மட்டும் நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அழகா இருக்கு டாக்டர். ஆனா இது நான் இல்ல" என்றேன். "ஒரு பல்லு கோணலா வேணும்."

பல் செய்கிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கோணலை எடுக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்களாம். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். ப்ரஷ் நுழைய இடம் விட்டால் வைக்கலாம், அளவோடு இருக்கட்டும் என்றார். எப்படிக் கோணல், எந்தப் பக்கம் சாய்வு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருடம் மறைத்த பல்லை நானே நேராகப் பார்த்ததில்லை. என் கணவர் விரலை வளைத்துக் காற்றில் ஒரு வடிவம் காட்டினார். யானைத் தந்தம் மாதிரி இருந்தது.

தங்கை எழுந்து என் பையை அவர் மடியில் போட்டாள்.

"தள்ளுங்க மாமா. அது எனக்குத் தெரியும்."

விளக்கில் கத்தியைச் சூடாக்கி, இளஞ்சிவப்பு மெழுகை இளக்கி, பல் செய்கிறவர் அந்தப் பல்லை மெல்லத் தூக்கினார். அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே ஏறியிருக்கும், பக்கத்துப் பல்லில் பாதியை மறைக்கும், நுனி உள்பக்கமாகத் திரும்பும். என் வாயில் வைத்ததும் பார்ப்பாள், இல்லையென்று தலையை ஆட்டுவாள், மறுபடி விளக்கு. ஐந்து தடவை. கேலி செய்வதற்காகவாவது ஒருத்தி என்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியை நான் தவிர்த்த வருடங்களில் எல்லாம் என் முகம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

"இன்னும் ஒரு நூல் வெளிய" என்றாள்.

ஆறாவது தடவை வைத்தபோது அவள் ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் நாக்கு தானாக இடதுபக்கம் போய், அங்கே இடித்துக்கொண்டு நின்றது. அதற்கு அப்புறம் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"இப்பதான் சண்டை போடற முகமா இருக்கு" என்றார் என் கணவர், நிம்மதியாக.

உச்சரிப்பைச் சோதிக்க வேண்டும், எதையாவது பேசுங்கள் என்று டாக்டர் ஓர் அட்டையை நீட்டினார். அதில் வரிசையாக வார்த்தைகள் இருந்தன. நான் அதை வாங்காமல் நாற்காலியோடு என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"சொந்தப் பெண்டாட்டி பல்லும் மச்சினி பல்லும் உங்களுக்கு ஒண்ணா" என்று ஆரம்பித்தேன்.

ச சரியாக வந்தது. வ சரியாக வந்தது. இரண்டு வருடமாகக் குழைந்தே வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தன. அந்த ருசியில் என்னால் நிறுத்த முடியவில்லை. பையை அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். போதும், எல்லாம் தெளிவாக இருக்கிறது, வார்க்கக் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவர் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லி, நான் அப்போதுதான் கல்யாண நாளைத் தாண்டியிருந்தேன். இன்னும் இருபத்தாறு வருடம் இருந்தது.