டபுள் விசில்

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்குக் கழுத்து பக்கவாட்டில் திரும்பாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு, அவரோடு நான்கு மாதம் கேரவனில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த பஸ்ஸில் கடைசிப் பத்தொன்பது வருஷம் நான்தான் கண்டக்டர். அதில் பதினேழு வருஷம் மனைவியும்கூட. அவர் முன்னால், நான் பின்னால். ஒரு விசில் ஊதினால் நிற்பார், இரண்டு ஊதினால் கிளம்புவார். வீட்டில் நான் சொன்ன எதையும் அவர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும், "உலகத்தையே உனக்குக் காட்டறேன் பாரு" என்று சொல்லி ஒரு பழைய கேரவனை வாங்கினார். உள்ளே இரண்டு பேர் ஒருக்களித்துப் படுக்க ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, முழங்கை இடிக்கிற குளியலறை. டிரைவர் சீட்டுக்கும் எங்கள் குடித்தனத்துக்கும் நடுவே ஒரு நீலத் திரை. உலகத்தைக் காட்டுகிறேன் என்றவர் பார்த்தது முழுக்க ரோடுதான். மலை வந்தால் "வளைவு ஜாஸ்தி" என்பார். ஏரி வந்தால் "ரோட்டோரம் ஈரமா இருக்கு" என்பார். எங்கே நிறுத்தினாலும் இறங்க மாட்டார். "நீ பாத்துட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்." வண்டி என்ன கைக்குழந்தையா? நான் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வருவேன். பின்பக்கமாக ஏறி, கதவைச் சாத்தி, இரண்டு விசில் ஊதுவேன். வண்டி கிளம்பும். விசில் இன்னும் என் கழுத்தில்தான் தொங்குகிறது.

ஒரு நாள் பெரிய அருவி ஒன்றுக்கு முன்னால் நின்றபோது, என்னையறியாமல் பக்கத்திலிருந்தவர் கையைத் தட்டி, "அங்க பாருங்க, வானவில்!" என்றேன். அவர் முன்பின் தெரியாத ஆள். நல்ல மனுஷன், பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன். அடுத்து ஒரு கடற்கரைக்குப் போவதாக இருந்தது. அங்கேயும் இவர் இறங்காவிட்டால், அன்று சாயங்காலமே ரயிலேறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது. துணிமணியை ஒரு பையில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தேன். பேச்சையும் நிறுத்தினேன். அவருக்கு அது உறைத்ததா என்பதே சந்தேகம்தான்.

கடற்கரை ரோடு செங்குத்தான பாறைகளின் மேல் ஓடியது. அது கீழே இறங்கிய இடத்தில் வண்டிகள் நிறுத்த ஒரு மைதானம். அங்கிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்குள் ஒரு கறுத்த பாறை நின்றது. கடல் உள்வாங்கும்போது மட்டும் அதற்கு நடந்து போக ஒரு மணல் பாதை தெரியும். அன்றைக்குப் பத்தரை முதல் பன்னிரண்டே முக்கால் வரை என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.

"இறங்குங்க," என்றேன். இரண்டு நாளில் என் முதல் வார்த்தை.

"பெரிய பெரிய பஸ்ஸெல்லாம் வந்து நிக்குது. எவனாவது இடிச்சிட்டான்னா? நீ போயிட்டு வா."

சரி, ரயில்தான் என்று நினைத்துக்கொண்டேன். போன் சார்ஜில் கிடந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் விறுவிறுவென்று நடந்தேன்.

கோபத்தில் நடந்ததால் பாதி தூரம் எதையும் பார்க்கவில்லை. பிறகு நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் பச்சை, வலது பக்கம் கருநீலம். நடுவில் நாலு பேர் கைகோத்து நடக்கிற அகலத்தில் மணல். சற்று முன்னால்வரை கடலின் அடியாக இருந்த தரை அது. ஈர மணலில் மேகம் நகர்ந்தது. என் செருப்பை மேகத்தின் மேல் வைக்கக் கூச்சமாக இருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாறையில் படி வெட்டியிருந்தார்கள். மூச்சு வாங்க ஏறி உச்சிக்குப் போய்க் கரைப்பக்கம் திரும்பினால், எங்கள் கேரவன் மைதானத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். எங்களுடையதேதான். மெதுவாக மேட்டில் ஏறியது. என் கட்டில், என் போன், என் பை, என் புருஷன், எல்லாம் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அடிவயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி ஒரு விசில் ஊதினேன். பாறையிலிருந்த பறவைகள் மொத்தமும் எழும்பின. வண்டி நிற்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் என் விசிலுக்கு அவர் நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை.

வாயில் வந்தபடி திட்டினேன். கேட்க ஆளில்லாததால் சீக்கிரமே அலுத்துப்போனது. தொப்பென்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. காதுக்குக் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பாறை அதிர்ந்தது. அடியில் எங்கோ ஒரு குகைக்குள் அலை புகுந்து காற்றை நெரிக்க, பாறை முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்து, முதுகெலும்பு வரை ஏறி, அடங்கியது. அலை வெளியேறியது. மறுபடி புகுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு பெரிய ஒன்று, நான் வந்தாலும் வராவிட்டாலும், இப்படி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனை நேரம் அப்படியே இருந்தேனென்றும் தெரியவில்லை.

"கண்டக்டரம்மா!"

மணல் பாதையில் ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பில்லாமல், தொப்பை குலுங்க. படியேறி வந்தவருக்குப் பேச்சு வர இரண்டு நிமிஷம் ஆனது.

"மஞ்சள் சட்ட போட்டவன் ஒருத்தன் பஸ்ஸுக்கு ரிவர்ஸ் காட்டிட்டிருந்தான். டபுள் விசில் ஊதினான். நீதான்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"உடனேவா? ஆள் ஏறியாச்சான்னு திரும்பிப் பாக்க மாட்டீங்களா?"

"என்னிக்கு நான் திரும்பிப் பாத்திருக்கேன்? நீ ஊதினா எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம்."

"எவ்ளோ தூரம் போனீங்க?"

"பதினாலு கிலோமீட்டர். பேசிக்கிட்டேதான் போனேன். நீ பதில் சொல்லல. ரெண்டு நாளா அப்படித்தான இருக்கே, அதனால தெரியல."

ஆக, உறைத்துத்தான் இருக்கிறது.

"என்ன பேசினீங்க?"

"அருவிக்கு எறங்கியிருக்கணும், தப்புதான்னு சொன்னேன். சீட்ட விட்டு எறங்கினா வண்டி பிரேக்டவுன்னு அர்த்தம், அப்படியே பழகிப்போச்சுன்னு சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாத்தையும் அந்தத் திரை கேட்டுக்கிச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் நிறுத்திட்டுப் பின்னால போய்ப் பாத்தா ஆளக் காணோம். குளியலறையில பாத்தேன். கட்டிலுக்கடியில கூடப் பாத்தேன்."

"நான் என்ன பூனையா? அங்க என்ன இருந்துச்சு?"

"பை."

நான் கடலைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்தார். அப்போது அடியில் அலை புகுந்தது.

"என்ன இது? உதறுது?"

"கைய வச்சுப் பாருங்க."

இஞ்சின் மேல் கை வைக்கிற மாதிரி, விரல்களை விரித்துப் பாறையில் வைத்தார். முனகல் எழுந்து அடங்கியது. காத்திருந்தார். மறுபடி வந்தது. அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கினார். கழுத்து இடப்பக்கம் திரும்பியது. பச்சைக் கடல். வலப்பக்கம் திரும்பியது. கருநீலம். பின்பக்கம் திரும்பி, தான் ஓடி வந்த பாதையைப் பார்த்தார். பாதையின் இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய அலைகள் வந்து நடுமணலில் ஒன்றையொன்று தொட்டு, வெள்ளையாகச் சிரித்துவிட்டுத் திரும்பின. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் நான் பார்த்ததெல்லாம் அவர் பிடரியைத்தான்.

"இது எப்ப இருந்து ஓடிட்டிருக்கு?" என்றார், கையை எடுக்காமல். "நிறுத்தமே இல்லாம?"

"தெரியலங்க."

"அங்க பாரு," என்று என் கையைத் தட்டினார். "அங்க பாரேன், அங்க!"

ஒரு பறவைக் கூட்டம் அம்பாகக் கடலுக்குள் பாய்ந்து, வாயில் வெள்ளியோடு மேலே வந்தது. நான் அதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஆனாலும் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தேன்.

கரையிலிருந்து விசில் கேட்டது. மஞ்சள் சட்டைக்காரர் பலகையடியில் நின்று, எல்லோரும் திரும்பச் சொல்லிக் கையை ஆட்டினார். பன்னிரண்டே கால். பாதை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவர் மறுபடி ஊதினார், இரண்டு தடவை, அழுத்தமாக. பாறையிலிருந்தவர்கள் படியிறங்கத் தொடங்கினார்கள்.

டிரைவர் அசையவில்லை.

"டபுள் விசில் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுது. அது என் கண்டக்டர் விசில் இல்ல."

சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தபடி அருகில் உட்கார்ந்தார். விசில் என் கையில்தான் இருந்தது. நான் ஊதவில்லை.