மனப்பாடமான பலகை

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவனுக்கு. அன்று காலை வந்த அம்மாள், எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அவனுக்குச் சந்தேகம். பலகையை மாற்றினான். இரண்டாவது வரியிலேயே அம்மாள் திருதிருவென்று முழித்தாள்.

"வெளிய உட்கார்ந்திருந்தப்பவே எட்டிப் பார்த்துப் படிச்சுட்டீங்களா?"

"ஃபெயிலாயிட்டா அசிங்கமில்லையா தம்பி?"

"இது என்ன பரிட்சையாம்மா? நீங்க பொய் சொன்னா கண்ணாடிதான் தப்பா வரும். அப்புறம் படியில உருண்டுட்டு என்னைத் திட்டுவீங்க."

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிப்பு உதட்டோடு சரி. மனைவி இறந்துபோனதிலிருந்து அப்படித்தான்.

மாலையில் மனநல ஆலோசகரிடம் போனான். "கல்லுளிமங்கன் மாதிரி இருக்காதடா, யார்கிட்டயாவது பேசித் தொலை" என்று அக்கா பிடுங்கியெடுத்ததால் தொடங்கியது. வாரம் தவறியதில்லை. உள்ளே போகுமுன் வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொள்வான். ஏனென்று யோசித்ததில்லை.

"இந்த வாரம் எப்படி?" என்றார் ஆலோசகர்.

"தேவல மேடம். நல்லா தூங்கறேன். சமைச்சுச் சாப்பிடறேன்."

இரண்டும் பொய்.

"நல்லா தேறிட்டீங்க. இன்னியோட நிறுத்திக்கலாமா?" அவர் முகம் மலர்ந்தது.

அதைப் பார்த்ததும் அவனுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். அப்பாவின் முகம் இப்படி மலரத்தான் சிறுவயது முழுக்கத் தவம் கிடந்தான். அப்பா கை நீட்டியதில்லை. "அழுமூஞ்சியோட என் முன்னாடி நிக்காத, கழுவிட்டு வா" என்பார். கழுவிவிட்டு வந்து "ஒண்ணுமில்லப்பா" என்றால் பக்கத்தில் இடம் கிடைக்கும். அம்மாவின் சாவன்றும் கழுவிக்கொண்டுதான் வந்தான். மனைவியின் சாவன்றும்.

"சரி மேடம்" என்று எழுந்துவிட்டான். கதவில் கை வைத்தபோது சட்டைக் காலர் ஈரமாகக் கழுத்தில் ஒட்டியது. காலையில் அந்த அம்மாளுக்கு உபதேசம் செய்தது நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது. இந்தக் கதவைத் தாண்டிவிட்டால் உண்மையைச் சொல்ல வேறு இடமில்லை.

திரும்பினான்.

"மேடம், சொன்னதெல்லாம் பொய். முதல் நாள்லேர்ந்தே. நீங்க சந்தோஷப்படணும்னு சொன்னேன்."

அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. திருட்டுப் பூனைபோல் நின்றான்.

"உட்காருங்க."

"கோவமா?"

"இல்ல. எனக்குத் தெரியாமப் போச்சேன்னு இருக்கு. ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"படுக்கறதில்ல. நாற்காலியிலயே உட்கார்ந்திருப்பேன். கட்டில்ல அவ தலையணை இருக்கு."

அவ்வளவுதான், கண் உடைத்துக்கொண்டது. பழக்க தோஷம், எழுந்து வெளியே வாஷ்பேசின் பக்கம் கிளம்பினான்.

"எங்க போறீங்க?"

"முகம் கழுவ..."

"அப்புறம் கழுவிக்கலாம். வாங்க."

வந்து உட்கார்ந்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.