இரண்டு ஜன்னலுக்கு நடுவே ஒரு பனிப்பாளம்

என் தம்பி திஹோமிர் சர்க்கரை நோய்க்காரன். காலையில் ஊசி போட்டால் மதியம் இரண்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் மயங்கி விழுவான். அன்று மணி ஒன்று இருபது. அவன் தலையில் ஒயர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு பனிப்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் நோவிசாத் நகரத்துப் பெரிய மனிதர்கள் நாற்பது பேர் சுற்றி நின்று அவனைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார்கள்.

அந்தக் கலைக்கூடத்தில் தெசாங்காவாகிய நான் பத்தொன்பது வருடக் காவலாளி. அவன் அங்கேயே எலக்ட்ரீஷியன். ஜூலை மாதம், வெளியே முப்பத்தொன்பது டிகிரி வெயில். வியன்னாவில் படித்துவிட்டு வந்த இஸ்க்ரா என்ற பெண் செய்த கலைப்படைப்புக்குத்தான் அன்று திறப்பு விழா. மூளை அலையை அளக்கும் அந்த ஒயர் தொப்பியை மாட்டிக்கொண்டு பனிப்பாளத்தின் முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். மனம் ஒன்றிலேயே நின்றால் குளிர் இயந்திரம் ஓடும், பனி உறைந்திருக்கும். மனம் அலைந்தால் மேலே சூட்டு விளக்கு எரியும், பனி தகர வாளியில் சொட்டும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இந்தப் பனி உருகினால் டான்யூப் நதி வற்றிவிடும். அதைக் காப்பது உங்கள் மனத்தில் இருக்கிறது.’

முதலில் உட்கார்ந்தவர் டைரக்டர் ஸ்வெதோசார். உட்கார்ந்த நொடியே டொக், டொக். அடுத்து நகரச் சுற்றுச்சூழல் அதிகாரி. அவர் கண்ணை மூடித் தியானம் பண்ணுகிற பாவனையில் இருந்தார். வாளி பாதி நிறைந்தது. ‘எல்லா வகை மூளைக்கும் இங்கே இடம் உண்டு’ என்று நோட்டீஸில் அச்சடித்திருந்த இஸ்க்ரா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். இயந்திரம் விடும் சூடு வெளியேற வேண்டுமென்று எதிரெதிரே இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்திருந்தாள். நாற்காலி சரியாக நடுவில். எதிரெதிர் ஜன்னல் காற்று கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பல்வலி, வாய் கோணல், சிறுநீரகக் கோளாறு, ஒரு விவாகரத்துகூட அதனால் நடந்திருக்கிறது. நானும் நம்புகிறவள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றை நினைப்பவன் யார்? எல்லோரும் பிடரியைத்தான் நினைத்தார்கள். அதிகாரி கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் பிளக் பாயிண்ட் பார்க்க வந்த திஹோமிர் சுவரைப் படித்தான். இரண்டு முறை படித்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சொட்டு நின்றது.

தெரு அவனுக்கு வைத்த பெயர் மறை கழண்டவன். முப்பது வயதில் மருத்துவர் வைத்த பெயர் ஆட்டிசம். சின்ன வயதிலிருந்தே வானொலியில் படிக்கும் ஆற்று நீர்மட்டம் அவனுக்கு மனப்பாடம். மனம் கலங்கினால் அதைச் சொல்லிக்கொள்வான்: பெஸ்தான், அபாத்தின், பொகோயெவோ என்று கரையோர ஊர் ஒவ்வொன்றாக, எண்ணெண்ணாக. ஜன்னல் காற்றால் யாரும் சாவதில்லை என்று ஏழு வயதிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கியவன், நாட்டிலேயே இவன் ஒருத்தன்தான்.

“டேய், எந்திரிடா. சூப் ஆறுது” என்று தூக்குவாளியைக் காட்டினேன்.

“முடியாதுக்கா. எந்திரிச்சா டான்யூப் வத்திடும். இங்கயே தின்னாலும் நெனப்பு சூப்புக்குப் போயிடும், சொட்டும்.”

“அப்படின்னு யாருடா சொன்னா?”

“செவுத்துல போட்ருக்கு.”

இஸ்க்ரா அவன் பக்கத்தில் குனிந்தாள். “அண்ணா, அது நெசம் இல்ல. சும்மா ஒரு உருவகம்.”

“அப்ப பொய்யா?”

“பொய்யுன்னு இல்ல...”

“பொய் இல்லன்னா நான் உக்காரணும். பொய்யின்னா நீ அழிக்கணும்.”

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது பெரிய மனிதர்கள் பாராட்டிய வாசகத்தை நம்பியவன் அவன் மட்டும்தான்.

“அழிச்சுத் தொலையேம்மா!” என்று நான் கத்தினேன்.

“தெசாங்காம்மா, அது படைப்போட உயிர்!”

“இது என் தம்பியோட உயிர்டீ!”

டைரக்டர் இடையில் புகுந்து, “மொதல்ல அந்த ஜன்னல மூடுங்கப்பா, காத்துல ஆளு போயிடப்போறான்” என்று ஒன்றை இழுத்துச் சாத்தினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அறை அடுப்பாகி, இயந்திரம் சூடேறி நின்று, பனி சொட்டியது. திஹோமிர் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். மறுபடி திறந்தார்கள்.

மணி ஒன்று ஐம்பது. அவன் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை.

“வேற யாராச்சும் உக்காந்து, சொட்டாம பாத்துக்கிட்டா எந்திரிக்கிறேன்” என்றான் கடைசியில்.

வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். அதிகாரி மறுபடி சொட்டினார். ஒரு பேராசிரியர் சொட்டினார். இஸ்க்ராவே உட்கார்ந்தாள், வாளி வழிந்தது. ஒவ்வொரு முறையும் அவன் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். மணி இரண்டாகப் போனது.

தொப்பியை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். பிடரியில் காற்று வந்து விழுந்தது. சரி, இதில் செத்தால் சாகிறேன் என்று நினைத்தேன். செத்தால் இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அங்கேயே என் மனம் நின்றது. வேறெங்கும் போகவில்லை. எப்படிப் போகும்? அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. நாற்பது வருடமாக எனக்கு இருந்தது இந்த ஒரே நினைப்புதான். வந்த இரண்டு வரன்களையும் இந்த நினைப்பே திருப்பி அனுப்பியது.

ஒரு சொட்டு விழவில்லை. பாளத்தின் மேல் புதிதாக வெள்ளை படர்ந்தது. “இயந்திரத்துல இப்படி ஒரு அளவ நான் பாத்ததே இல்ல” என்று இஸ்க்ரா கிசுகிசுத்தாள்.

திஹோமிர் வாளியை எட்டிப் பார்த்தான். திருப்தி. என் தூக்குவாளியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, பீன்ஸ் சூப்பை ரொட்டியில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்தான். நாலு வாய் உள்ளே போனதும் முகத்தில் ரத்தம் வந்தது.

“என்னக்கா நெனைக்கிற?”

பொய் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. “நான் செத்துட்டா ஒனக்கு யாருடா சோறு போடுவான்னுதான். நாப்பது வருசமா அதேதான்.”

அவன் மென்று முடித்தான். “நானேதான். நீ நைட் டியூட்டி போறப்பல்லாம் நான்தான சமைக்கிறேன். இந்த சூப்பக்கூட நீ காலைல தூங்குறப்ப நான்தான் மறுபடி வச்சேன். நீ வக்கிறதுல எப்பவும் உப்பு ஜாஸ்தி. ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல.”

நான் அவனைப் பார்த்தேன். நாற்பத்தேழு வயது, காதோரம் நரை.

டொக்.

“அக்கா, சொட்டுது!” ரொட்டியோடு துள்ளி எழுந்தான். “பழையபடி கவலப்படுக்கா!”

பட்டுப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கவலைப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.